மருந்தின் நான்காம் கூறு

அகங்காரத்தில் தொடங்கிச் சோம்பலில் முடியும் தலையான பாவங்கள் ஏழையும் மறைக்கல்வி வகுப்பில் ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஏழில் முதல் ஆறையும் அடுத்தவரிடம் உண்டென்று சொல்ல நாம் சற்றேனும் தயங்குகிறோம். ஏழாவதைப் பற்றி மட்டும் நமக்குத் தயக்கமே இல்லை. பொழுது ஏறியும் பாயை விட்டு எழாத மகன், பாதித் துணியைத் துவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்ட மருமகள், வேலைக்கு விடுப்பு எழுதிவிட்டு இருட்டறையில் கிடக்கும் கணவன் என்று யாரைக் கண்டாலும், கண்ட மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், மேல்முறையீடும் கிடையாது. "உடம்பு வணங்கவில்லை" என்ற இரண்டு சொற்களில் வழக்கு முடிந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பைப் பெற்றவர்களுள் ஒரு சாரார் உண்மையில் நோயாளிகள். அவர்களைச் சோம்பேறிகள் என்பது அன்புக் குறைவு மட்டுமன்று. அந்தச் சொல்லுக்கு அஞ்சி அவர்கள் எழுந்து உழைக்க முயலும்போது நோய் முற்றுகிறது. ஆகவே நம் நாவு செய்யும் தீங்கு அவர்கள் உடலில் போய்ச் சேருகிறது. இதை நம் குடும்பங்களும் பங்குச் சமூகங்களும் இனியும் அறியாதிருக்க நியாயமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் இலக்கணம்

மருத்துவ உலகம் இதனை நாட்பட்ட சோர்வு நோய் என்று அழைக்கிறது. மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் என்பது இதன் மற்றொரு பெயர். முதற்பெயரே இந்நோயாளிகளுக்கு நேர்ந்த முதல் அநீதி என்று சொல்ல வேண்டும். "சோர்வு" என்று சொன்னவுடன், "எனக்குந்தான் சோர்வாக இருக்கிறது" என்று எதிரே இருப்பவர் சிரித்துவிடுகிறார். நாள் முழுவதும் முந்திரிக்கொட்டை உடைத்தவளுக்கும், சிமெண்ட் ஆலையில் இரவுமுறை பார்த்துத் திரும்பியவனுக்கும் வருகிற களைப்பு வேறு. அது ஒரு நல்ல தூக்கத்தில் கரைந்துபோகும். இந்தச் சோர்வு தூங்கி எழுந்த பின்னும் படுத்த நிலையிலேயே நிற்கும்.

2015 இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஆயிரக்கணக்கான ஆய்வுகளை அலசி, இந்நோயை அறியும் அடையாளங்களை வகுத்துக் கொடுத்தது. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாதபடி ஆறு மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் கடுஞ்சோர்வு. உழைப்புக்குப் பின் வரும் சரிவு. தூங்கியும் தெளியாத உடல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அவற்றோடு, நினைவும் சிந்தனையும் மங்குதல், நிமிர்ந்து நிற்கையில் தலை கிறங்கித் தளர்தல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயால் துன்புறுவதாகவும், அவர்களுள் 84 முதல் 91 விழுக்காட்டினருக்கு நோயின் பெயரே சொல்லப்படவில்லை என்றும் அக்கழகம் கணித்தது. குறைந்தது கால் பங்கினர் தம் நோய்க்காலத்தின் ஒரு கட்டத்திலாவது வீட்டுக்குள்ளேயோ படுக்கையிலேயோ முடங்குகின்றனர். அத்தனை மருத்துவ வசதி படைத்த நாட்டின் கதை இது. அரியலூரையும் ஆண்டிமடத்தையும் பற்றி நாம் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மேற்சொன்னவற்றுள் உழைப்புக்குப் பின் வரும் சரிவே இந்நோயின் உயிர்நாடி. நம் ஊர் மொழியில் இதைக் கந்துவட்டி எனலாம். நோயாளியின் உடல் அன்றாடம் சிறிதளவு வலிமையையே கூலியாகப் பெறுகிறது. அதற்கு மேல் அவர் செலவழித்தால் உடல் கடன் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மணி நேர வேலைக்கு மூன்று நாள் படுக்கை என்று வட்டி வசூலிக்கிறது. வட்டி அன்றே வருவதில்லை. பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வருகிறது. அங்கேதான் நம் கண் ஏமாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, நம்மோடு நின்று, சிரித்துப் பேசிய பெண்ணை நாம் எல்லோரும் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாமல் கிடந்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னோம், பாராததை விசாரிக்கவில்லை.

நம்ப மறுத்தவர்களின் வரலாறு

இந்த அவநம்பிக்கை நம் ஊர்ச் சொத்து மட்டுமன்று. 1955 இல் இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியரும் உட்பட ஏறத்தாழ 300 பணியாளர்கள் இத்தகைய நோயில் விழுந்தனர். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. 1969 இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் 1970 இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலே, பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, இது கூட்டு மனப்பிறழ்வு என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுதி என்பதையும் அவர்கள் ஒரு சான்றாகக் காட்டினர். பெண் என்றால் பாசாங்கு என்ற கணக்கு இலண்டனிலும் ஒன்றுதான், ஜெயங்கொண்டத்திலும் ஒன்றுதான்.

அதன் விளைவு பல ஆண்டுகள் நீடித்தது. "மெல்ல மெல்ல உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்பது மருத்துவமாயிற்று. 2011 இல் 641 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை ஒன்று அதை உறுதி செய்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. நோயாளிகள் விடவில்லை. தகவல் உரிமையின்படி ஒருவர் தொடுத்த போராட்டத்தால், அச்சோதனையின் மூலத் தரவுகளை வெளியிட 2016 இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. மறுபடி கணக்கிட்டபோது, குணமடைந்தோர் பற்றிய பெருமை பெரிதும் சுருங்கிவிட்டது. 2007 இல் இந்தப் பயிற்சி முறையைப் பரிந்துரைத்த அதே பிரிட்டிஷ் வழிகாட்டு நிறுவனம், 2021 அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்று, படிப்படியாக வேலையைக் கூட்டும் திட்டங்களை இந்நோயாளிகளுக்கு அளிக்கக் கூடாது என்று எழுதியது. 2025 ஆகஸ்டில், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயற்றவர்களிடமிருந்து அவர்கள் வேறுபடும் எட்டு இடங்களைச் சுட்டிக்காட்டினர். அவற்றுள் சில நோய் எதிர்ப்பாற்றலோடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. மரபணுவில் தடயம் விட்டிருப்பதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

நம் ஊருக்கு இது வருமா?

"இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய்" என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் ஆஸ்திரேலியாவின் டப்போ என்னும் நாட்டுப்புற நகரத்தை நினைக்க வேண்டும். அங்கே தொற்றுநோய் கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006 இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். மூன்று வேறுபட்ட கிருமிகளால் நோயுற்றவர்கள் அவர்கள். ஆறு மாதம் கழித்தும் அவர்களுள் 12 விழுக்காட்டினர் வாழ்வை முடக்கும் சோர்வில் இருந்தனர். யார் விழுவார், யார் எழுவார் என்பதை முன்கூட்டிச் சொன்னது அவர்களுடைய வயதோ, பாலோ, மனநிலையோ அன்று; தொடக்கத்தில் வந்த காய்ச்சலின் கடுமையே. அந்தக் கிருமிகளுள் ஒன்று ராஸ் ரிவர் வைரஸ். அது நம் சிக்குன்குனியாவின் குலத்தைச் சேர்ந்தது.

2006 இல் தமிழ்நாட்டுக் கிராமங்களைச் சிக்குன்குனியா எப்படி வாட்டியது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். குனிந்தவர் நிமிர முடியாமல் தெருத் தெருவாக நடந்தனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தது. பிழைத்தவர்களைக் கண்டு நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம், நல்லதுதான். பிழைத்தும் பழைய நிலைக்குத் திரும்பாதவர்களை யார் எண்ணினார்கள்? கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் உபாதைகளைச் சுமப்போருள் ஒரு பகுதியினரின் அடையாளங்கள் நாட்பட்ட சோர்வு நோயின் அடையாளங்களோடு ஒத்துப்போவதை உலகெங்கும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். நம் மாவட்டம் இதற்கு விலக்கு என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. களைத்துக் கிடப்போர் அனைவரும் இந்நோயாளிகள் அல்லர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தைராய்டுக் குறைவு, சர்க்கரை, காசம், பி12 குறைவு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் களைப்பாகவே முகம் காட்டும். கோவாவில் நடந்து 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 12 விழுக்காட்டுப் பெண்கள் ஆறு மாதத்துக்கு மேலாக நீங்காத களைப்பைச் சொன்னார்கள். வறுமையும் வீட்டில் பெண்ணுக்கு இழைக்கப்படும் ஒடுக்குமுறையும் அதனோடு பிணைந்திருந்தன. ஆகவே முதலில் செய்ய வேண்டியது முறையான பரிசோதனை. குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை ஏற்றி, சத்து ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவது பரிசோதனை ஆகாது. ஆனால் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எல்லாத் தாளிலும் "நார்மல்" என்று வந்த பிறகும் ஒருவர் எழ முடியாமல் கிடக்கிறார் என்றால், நாம் செய்யும் முடிவுதான் விபரீதமானது. "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை" என்கிறோம். வலை போட்டும் மீன் சிக்காவிட்டால், கொள்ளிடத்தில் மீனே இல்லை என்று எந்த வலைஞனும் சொல்வதில்லை. வலையின் கண் பெரிதென்றுதான் சொல்வான். இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் எளிய இரத்தப் பரிசோதனை எதுவும் மருத்துவமனைகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அந்தக் குறை மருத்துவ அறிவின் குறை, நோயாளியின் குற்றமன்று.

வேறு சிலர், "எல்லாம் மனசுதான்" என்பார்கள். மனநோயும் நோய்தான், அதைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தலாம் என்ற எண்ணமே முதலில் ஒழிய வேண்டும். ஆனால் மனச்சோர்வில் பொதுவாக விருப்பமே வற்றிவிடுகிறது. இந்நோயாளியைக் கேட்டுப் பாருங்கள்: எழுந்தவுடன் என்னென்ன செய்வேன் என்று நீண்ட பட்டியலே வைத்திருப்பார். அவரிடம் விருப்பம் நிறைய இருக்கிறது; அதைச் சுமக்கும் உடல்தான் இல்லை.

புண்ணைக் கண்டால் பரிவு

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தின் மரபுக் கதையை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அரியலூர்ச் சிற்றரசருக்கு வந்த ராசபிளவை என்னும் கொடிய கட்டியை வீரமாமுனிவர் பச்சிலையால் ஆற்றினார் என்றும், மகிழ்ந்த அரசர் நிலம் கொடுத்தார் என்றும் அம்மரபு சொல்லுகிறது. புண் வெளியே தெரிந்தது, சீழ் வடிந்தது, அரண்மனையே பதறியது. கண்ணுக்குத் தெரியும் நோய்க்கு உலகம் இரங்கும். காலில் மாவுக்கட்டுப் போட்டவனுக்குப் பேருந்தில் இடம் கொடுக்கிறோம். உள்ளே முறிந்தவளுக்கு யார் இடம் கொடுப்பது?

அதே முனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். பொருட்பாலில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிருந்து பார்த்துக்கொள்பவர். உழைச்செல்வான் என்பது இந்த நான்காமவருக்கு அவர் இட்ட பெயர். பணிவிடையைக் கருணைச் செயல் என்றோ ஓய்வுநேரப் புண்ணியம் என்றோ அவர் தள்ளி வைக்கவில்லை. மருந்துக்குச் சமமாக மருத்துவத்தின் உள்ளேயே வைத்துவிட்டார்.

நாட்பட்ட சோர்வு நோயில் இந்த நான்கின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூக்கத்துக்கும் வலிக்கும் தலைக் கிறக்கத்துக்கும் சில உதவிகள் உண்டு. ஆனால் நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இந்நோயைக் கற்றறிந்த மருத்துவரைக் காண்பதோ மிக அரிது. நான்கில் இரண்டு இவ்வாறு கைவிட்ட பிறகு, எஞ்சுவோர் நோயாளியும் அவர் அருகிலிருப்பவருமே. அந்த அருகிலிருப்பவரும் நம்ப மறுத்தால், மருத்துவத்தில் மீதமிருப்பது என்ன? வேறு எந்த நோயிலும் குடும்பத்தாரின் நம்பிக்கை துணை மருந்து. இந்நோயில் அதுவே பெரும்பான்மை மருந்து.

அருகிருந்தவர்கள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரொனால்டு டேவிஸ் என்ற மரபணு அறிஞர் இருக்கிறார். மனித மரபணுவைப் படித்தறியும் நுட்பங்கள் சிலவற்றுக்கு வழிகோலியவர். அவருடைய மகன் விட்னி டாஃபோ, ஊர் ஊராகச் சென்று படம் பிடித்த புகைப்படக் கலைஞர். இந்நோயால் அவர் படுக்கையில் விழுந்து, பேச்சும் அற்று, குழாய் வழியே உணவு பெறும் நிலைக்கு வந்தார். தாய் தம் தொழிலைக் கைவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டார். தந்தை தம் ஆய்வுக்கூடத்தையே இந்நோயை நோக்கித் திருப்பினார். மகனுடைய சொல்லை நம்புவதற்கு அந்த அறிஞர் ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. முதலில் நம்பினார், பிறகே ஆராய்ந்தார். 

மறுபுறம், மேவ் பூத்பி ஓநீல் என்ற 27 வயதுப் பெண் 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில், கடும் நாட்பட்ட சோர்வு நோயால் உண்ண இயலாமல், ஊட்டமின்றி இறந்தார். பெற்றோர் அவரை நம்பினர். ஆனால் மருத்துவ அமைப்பு அவருக்கு ஏற்றதாக இல்லை. 2024 இல் இறப்பு விசாரணை நடத்திய அதிகாரி, இத்தகைய நோயாளிகளுக்கென்று நாட்டில் ஒரு சிறப்புப் படுக்கைகூட இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி அரசுக்கு எழுதினார். குடும்பம் தனித்து நின்றால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்த மரணம் காட்டிவிட்டது.

நம் ஊர்க் குடும்பங்களில் "உழைச்செல்வான்" யார் என்று கேட்டால், ஏறத்தாழ எப்போதும் ஒரு பெண்தான். தாய், மனைவி, அல்லது படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கும் தங்கை. நோயாளி மகளாக இருந்தால் "எங்கே கட்டிக்கொடுப்பது" என்ற கவலை. மருமகளாக இருந்தால் "திருப்பி அனுப்பிவிடு" என்ற ஆலோசனை. மகனாக இருந்தால் "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்ற மருத்துவம். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு, சமைத்து, துவைத்து, காட்டு வேலைக்கும் போய்வரும் அந்தப் பெண்ணும் ஒருநாள் நோயாளியாவாள். அவளைப் பற்றி எந்தத் தாளிலும் "நார்மல்" என்றுகூட எழுதுவார் இல்லை.

பக்தியின் பெயரால்

இனிச் சொல்வது நம்மவர் சிலருக்குக் கசக்கும். குணமளிக்கும் கூட்டங்களுக்கு இத்தகைய நோயாளிகளை வேன் பிடித்து அழைத்துச் செல்கிறோம். கொட்டும் மேளம், உச்சத்தில் அலறும் ஒலிபெருக்கி, ஆறு மணி நேர உட்காரல் எல்லாம் சேர்ந்து அவர்களை ஒரு வாரத்துக்குப் படுக்கையில் தள்ளுகின்றன. எழவில்லை என்றால், "விசுவாசம் போதவில்லை" என்று பழியையும் அவர் தலையிலேயே வைக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்தார். அவர் மறுத்த கேள்வியை நாம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வகையினர் மென்மையாகப் பேசுவர்: "துன்பத்தைச் சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுத்துவிடு." இதைச் சொல்லும் உரிமை சிலுவை சுமப்பவருக்கு உண்டு, வேடிக்கை பார்ப்பவருக்கு இல்லை. துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 இல் எழுதிய மடல் நம்மிடையே அடிக்கடி மேற்கோளாகிறது. அம்மடலின் ஏழாம் இயல் முழுவதையும் அவர் நல்ல சமாரியருக்கு ஒதுக்கினார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். அந்தச் சமாரியர் அடிபட்டவனுக்கு ஞானோபதேசம் செய்யவில்லை. காயத்தைக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சத்திரக்காரரிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவேன் என்றார். ஒருவரால் முடியாததை இருவராகப் பங்கிட்டார். செலவு நீளும் என்பதையும் முன்பே ஒப்புக்கொண்டார். நீண்ட நோய்க்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டுமா?

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழே விழுந்து, இனி வாழ்ந்தது போதும் என்று படுத்தபோது வந்த வானதூதரையும் எண்ணிப் பாருங்கள். அவர் எலியாவைச் சோம்பேறி என்று திட்டவில்லை. அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கவும் இல்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார். உண்ட எலியா மீண்டும் படுத்தார். தூதர் படுக்க விட்டார். இரண்டாம் முறையும் அப்பமே கொடுத்தார். பயணம் மிக நீண்டது என்ற உண்மையை மட்டும் சொன்னார்.

செய்ய வேண்டியவை

வாதம் செயலாக வேண்டும். ஆகவே சில சொல்லுகிறேன்; எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

குடும்பத்தில் முதலாவது, நம்புங்கள். "இன்று எவ்வளவு முடியும்?" என்று காலையில் ஒருமுறை கேளுங்கள், அவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். நல்ல நாளில் நோயாளியே அதிகம் செய்யத் துணிவார். அன்றுதான் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்று நினைவூட்டுங்கள். நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய வழி செய்யுங்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறையுங்கள். எட்டு மாதத்துக்கு முன் எப்படி இருந்தாய் என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள். 

அன்பியத்தில், நோயாளி வீட்டுக்குப் பத்துப் பேர் பழத்தோடு போய் ஒரு மணி நேரம் பேசித் திரும்புவது உதவியாகாது. ஒருவர் போய் ஐந்து நிமிடம் இருந்தால் போதும். மற்ற ஒன்பது பேரும் அந்த வீட்டின் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். ஒருவர் தண்ணீர் பிடித்து வைக்கலாம். ஒருவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம். ஒருவர் வாரத்தில் ஒரு பிற்பகல் நோயாளியோடு இருந்து, பார்த்துக்கொள்ளும் பெண்ணை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம்.

பங்கில், நற்செய்தி வாசிக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை முறைக்காதிருங்கள். அவளால் நிற்க முடியாது. திருவிழாவில் நோயாளி வீட்டை நோக்கிக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்புங்கள். 1993 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 11 ஐ நோயாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று கோவிலுக்கு வர முடிந்த நோயாளிகளை மட்டும் எண்ணி மகிழ்கிறோம். வராதவர் பட்டியலை அன்பியம் தோறும் எடுத்து, நற்கருணையையும் நோயில்பூசுதலையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொது வாழ்வில், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இன்று அரியலூரிலேயே இருக்கிறது. காய்ச்சலுக்குப் பின் நெடுங்காலம் எழாதவர்களை அங்கே முறையாகப் பரிசோதிக்கவும் பதிவு செய்யவும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரித்தது. இந்நோயின் பெயர் அவற்றில் இல்லை. சேர்க்கச் சொல்லிக் குரல் கொடுப்பது பொதுநிலையினரின் கடமைகளுள் ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசல்வரை வர இயலாத இந்த நோயாளிகளையும் அப்படிப்பட்ட பணி தேடி வர வேண்டும்.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் படுத்திருந்தவனை யோவான் நமக்குக் காட்டுகிறார். நலம்பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்டபோது, அவன் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் முறையிடவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்பதே அவன் முறையீடு. அத்தனை ஆண்டுகளாக அந்த மண்டபத்தின் வழியே எத்தனை பேர் கோவிலுக்குப் போய் வந்திருப்பார்கள்! எத்தனை பேர் அவனைச் சோம்பேறி என்று எண்ணிக் கடந்திருப்பார்கள்!

உங்கள் தெருவில் பல மாதங்களாகக் கதவு சாத்தியே கிடக்கும் ஒரு வீடு உங்கள் நினைவுக்கு வருகிறதா? வருகிறதென்றால், இந்த வாரமே போய் வாருங்கள். காரணம் கேட்காதீர்கள், அறிவுரை கொண்டுபோகாதீர்கள். அங்கே அருகிருப்பவளிடம், "இன்றைக்கு எந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளட்டும்?" என்று மட்டும் கேளுங்கள்.